நாலு விரல் தண்ணீர்

மீன் தொட்டி சீட்டில் உட்கார்ந்து வந்தது. நர்சம்மா நின்றுகொண்டு வந்தார். சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாக மல்லசமுத்திரம் வரும் பஸ்ஸில் அன்றைக்கு ஏறியிருந்தவர்கள் ஒரு வாரத்துக்கு இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டியைக் கூரைமேல் போடச் சொல்லியிருக்கிறார் கண்டக்டர். கண்ணாடி உடைந்துவிடும் என்று இவர் மறுத்திருக்கிறார். பாவம் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுக்க, அந்த இடத்தில் தொட்டியை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எங்கள் ஊர் நிறுத்தத்தில் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கிக் கொடுத்ததும் அதே கண்டக்டர்தான். திட்டிக்கொண்டே இறக்கினாராம்.

நின்றுகொண்டு வந்ததில் எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டு முன்பக்க அறையில் அவர் வாடகைக்கு இருந்த ஒன்றே முக்கால் வருஷத்தில், அவர் ஓரிடத்தில் நிலையாக இருந்து நான் பார்த்தது அபூர்வம். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நடந்தபடி சாப்பிடுவார். காப்பிக்கும் அதே நடை. ஜெபமாலையைக்கூட மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துதான் உருட்டுவார். மாடுகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

"உக்காந்தா என்னமோ மறந்துட்ட மாதிரியே இருக்கும்மா எனக்கு" என்பார்.

அவருக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஊரில் ஒருவர்கூட அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை என்பதால் நானும் நர்சம்மா என்றே எழுதுகிறேன். சேலம் டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர். சர்க்கார் நர்ஸாக எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் போட்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். "அதுக்கு ஒரு நாள் முழுக்க மணையில உக்காந்திருக்கணுமாமே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நர்சம்மா குடிவந்தபோது நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் லாரியில் பம்பாய், நாக்பூர் என்று கிளம்பினால் திரும்பி வர இருபது நாள் ஆகும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் அதிகம் பேசமாட்டார். நான் பேசினால் கேட்க ஆளில்லை. எனக்கு நர்சம்மா வேண்டியிருந்தார். அவர் தொல்லை தாங்க முடியாமல் இருந்ததும் உண்மை.

அவருடைய தொல்லைக்கு ஒரே வார்த்தைதான். "சும்மா கிடக்குதே." எதைப் பார்த்தாலும் இதைச் சொல்வார். சொன்னால் அந்தப் பொருளின் கதை முடிந்தது. ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட குளுக்கோஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து குழாயோடு கவிழ்த்துக் கட்டி, எங்கள் மல்லிகைச் செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றினார். செடிக்கு என்ன காய்ச்சல் என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்டார்கள். பழைய எக்ஸ்ரே படங்களைச் சமையலறை ஜன்னலில் ஒட்டினார். யாருடைய விலா எலும்போ எனக்கு வெயில் மறைத்தது. இதெல்லாம் சரி. என் சீர்ப் பாத்திரத்தில் வந்த எவர்சில்வர் தூக்குப்போசியில் ஒருநாள் ஊசியும் சிரிஞ்சும் கொதித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் கத்திவிட்டேன்.

"பரண்ல சும்மா கிடந்துச்சேம்மா" என்றார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தூக்குப்போசியில் நான் மோர் ஊற்றவேயில்லை.

மனுஷர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். நான் பத்தாவது முடித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தெரிந்த அன்றே அம்மை குத்தியவர்கள் பட்டியல், பிரசவப் பட்டியல் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. மத்தியானம் கண்ணயரலாம் என்று பாயை விரித்தால், பாயில் ரிஜிஸ்தர் இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இன்றைக்கும் ஆறாதது. எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. வீட்டுக்காரர் நாக்பூரில். நர்சம்மாதான் எல்லாம் பார்த்தார், சுத்தம் செய்தார், மாத்திரை கொடுத்தார், கஞ்சி வைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அவர் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வாய்விட்டுக் கேட்டேன். உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. கண் அறையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷம் தாங்கியிருப்பார். எழுந்து போய் ஒரு பஞ்சுக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "இத சின்னச் சின்ன உருண்டையா உருட்டும்மா" என்றார். நான் அழுதுகொண்டே உருட்டினேன். அன்றைக்கு அவரை வெறுத்தேன். அன்றைக்கு இராத்திரி நான் தூங்கியதும் அந்தப் பஞ்சினால்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கோபத்தை முழுதாக விட மனசு வரவில்லை.

இந்த ஆள்தான் தொட்டியோடு வந்து இறங்கியவர். சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டுப் பின்புறம் கிடந்ததாம். நாலு பக்கம் கண்ணாடி, இரும்பு ஆங்கிள் சட்டம், இரண்டு முழ நீளம். ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டிய மக்கு அடியிலிருந்து மேல்வரை காய்ந்து விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று வெளியே போட்டுவிட்டார்கள். நர்சம்மா மெழுகுவர்த்தியை உருக்கி அந்த மூலையில் ஊற்றினார். ஒழுகியது. ரோடு போடுகிறவர்களிடம் தார் வாங்கிவந்து பூசினார். அடிப்பக்கம் மட்டும் அடைபட்டது. தண்ணீரை நிரப்பிவிட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். விடிவதற்குள் எவ்வளவு ஊற்றினாலும் நாலு விரல் அளவில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் தாங்கவில்லை.

"நாலு விரல் தண்ணி நிக்குதுங்கய்யா" என்று மாமனாரிடம் போய்ச் சொன்னார். "நாலு விரல் தண்ணியில எது பொழைக்கும்?"

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தவளதானுங்க பொழைக்கும்" என்றார் விளையாட்டாக. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிய காலம். அவர் விளையாட்டாக ஒன்று சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது. நர்சம்மா அதை வேலைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

தவளைக்கு எங்கே போவது? கிணற்றுக்குத்தான். அந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கும் மாமனாரின் பங்காளி வீட்டுக்கும் அது பொதுக் கிணறு. இரண்டு வீட்டுக் காட்டுக்கும் நடுவில் வேலியோரத்தில் இருந்தது. காடு என்றால் எங்கள் பக்கம் புன்செய் நிலம். மாமனாருக்குத் தம்பி முறையாகிற அவரை நான் சின்ன மாமா என்பேன், அவர் மனைவியைச் சின்னத்தை என்பேன். அதாவது மனசுக்குள் என்பேன். ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யார் எத்தனை நாள் மோட்டார் போடுவது என்ற முறையில் ஆரம்பித்து, நான் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே பேச்சு நின்றுவிட்டது. கிளுவை வேலியில் ஆள் போய்வரும் கடவு ஒன்று இருந்தது. அதில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கல்யாணம், சாவு எதற்கும் போக்குவரத்துக் கிடையாது. கிணற்றில் தண்ணீர் வற்றி, சண்டைக்கான காரணமே இல்லாமல் போன பிறகும் சண்டை அப்படியே இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் போய்வந்த ஒரே ஆள் நர்சம்மா. சின்னத்தைக்குக் காலில் ஆறாத புண். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் இவர் கட்டுக்கட்டிவிட்டு வருவார். குடிவந்த அன்றே மாமனார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"அங்க போங்க, வைத்தியம் பாருங்க, நான் வேண்டாங்கல. இந்த ஊட்டுப் பேச்சு ஒண்ணுகூட அந்த ஊட்டுக்குப் போகக்கூடாதுங்க."

"போகாதுங்கய்யா. இது சத்தியம்" என்றார் நர்சம்மா. காப்பாற்றவும் செய்தார். என்னிடம்கூட அந்த வீட்டு விஷயம் ஒன்றையும் சொன்னதில்லை. நான் கொக்கி போட்டுக் கொக்கி போட்டுக் கேட்டிருக்கிறேன், பலிக்காது.

கிணற்றின் அடியில் முறம் அகலத்துக்குச் சேறு மட்டும் மிச்சம் இருந்தது. அதில் நாலு தவளைகள். மோட்டாரை மேலே ஏற்ற வந்த ஆளை விடாப்பிடியாகப் பிடித்து, வாளியில் அள்ளிக் கொண்டுவர வைத்தார். "சும்மா சாகுதுங்களே" என்றார் அவரிடம். அந்த ஆள் இவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

தொட்டி வேலை மூன்று நாள் நடந்தது. ஒழுகும் மூலை மேலே இருக்கும்படி ஒரு பக்கம் அரைச்செங்கல்லை முட்டுக் கொடுத்தார். சாய்வான பக்கத்தில் தண்ணீர், மேட்டுப் பக்கத்தில் மண். மண்ணில் கோரைப் புல்லை வேரோடு பெயர்த்து நட்டார். உடைந்த ஓடு ஒன்றை வளைவாகக் கவிழ்த்து நிழலுக்கு ஒரு குகை. தவளை தாவாமல் இருக்க மேலே கிழிந்த கொசுவலை. அதை இறுக்கிக் கட்ட, என் வீட்டுக்காரரின் லாரி டியூபில் ஒரு பட்டை வெட்டிக்கொண்டார். கேட்கவில்லை, வெட்டிய பிறகு சொன்னார். தொட்டியை அவர் அறை ஜன்னலில் வைத்தார். கிணற்றைப் பார்த்த ஜன்னல் அது. தவளைகள் தங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றார்.

தீனி போடுவதுதான் பெரும் பாடு. சோறு போட்டார், தொடவில்லை. சேலத்தில் மீன் தீனி வாங்கிவந்து போட்டார், தண்ணீர்தான் நாறியது. அசைகிறதை மட்டும்தான் தவளை தின்னும் என்று மாமனார்தான் சொன்னார். கோழிக்குஞ்சுக்குக் கரையான் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டியதாயிற்று. சட்டியில் சாணியும் சோளத்தட்டைத் துண்டும் போட்டு ஈரமாக்கிச் சாயங்காலம் கவிழ்த்து வைப்போம். காலையில் சட்டி நிறையக் கரையான் ஏறியிருக்கும். நர்சம்மா அதைத் தொட்டிக்குள் தட்டிவிட்டு நடந்துகொண்டே பார்ப்பார். நாலும் தின்றன, கொழுத்தன. ஒரு குறைதான். ஒன்றுகூடக் கத்தவில்லை.

அது அவரை ஆட்டி வைத்துவிட்டது. "தின்னுது, நல்லா இருக்குது, ஏம்மா வாயத் திறக்க மாட்டேங்குது?" தொட்டியைக் கிழக்கே திருப்பினார். மேற்கே திருப்பினார். தண்ணீரை மாற்றினார். பழைய தண்ணீரையே மறுபடி ஊற்றினார். டியூட்டிக்குப் போகும்போது வாசலில் இருந்து திரும்பி வந்து ஒரு பார்வை, வந்ததும் பையை இறக்காமலேயே ஒரு பார்வை. எனக்கே எரிச்சலாக இருந்தது. ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள், இவருக்குத் தவளை பாடவில்லை என்று கவலை.

அப்போது ஆடி பிறந்திருந்தது. ஒரு நாள் தூறல் போட்டுப் புழுதியை அடக்கிவிட்டுப் போனது. வானம் மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் ஊரையே அலைக்கழித்தது. ஈரம் இருக்கும்போதே விதைப்பதா, நல்ல மழை வரட்டும் என்று இருப்பதா? எல்லாரும் ரோட்டில் நின்று மேலே பார்த்தார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் கல்லக்காய் என்போம். அந்த வருஷம் விதைக் கல்லக்காய் வைத்திருந்தவர்கள் குறைவு. வைத்திருந்தவர்களும் ஒரு விதைப்புக்குத்தான் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் சின்னத்தை காய் உரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பருப்பு மண்ணில் வீணானால் அவர்களுக்கு அந்த வருஷம் வெள்ளாமை கிடையாது, அடுத்த வருஷத்துக்கு விதையும் கிடையாது.

நர்சம்மாவுக்கு ஏதோ பயிற்சி என்று சேலத்தில் ஒரு நாள் வேலை, அங்கேயே தங்கி மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. போகும்போது என்னிடம், "சாயங்காலம் தொட்டியில கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடும்மா. புல்லு நனைஞ்சா போதும்" என்றார்.

புல் நனைந்தால் போதும் என்றுதான் சொன்னார். நான்தான் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கையால் தெளித்தால் ஒரே இடத்தில் விழுகிறது, தட்டின் ஓட்டைகள் வழியாக ஊற்றினால் பரவலாக விழும் என்று ஒரு யோசனை. கொசுவலையை விலக்கி, இட்லித் தட்டைப் பிடித்து, செம்புத் தண்ணீரை ஊற்றினேன். மழைமாதிரியே விழுந்தது. ஓட்டுக்கு அடியிலிருந்து ஒன்று வெளியே வந்தது. இன்னொரு செம்பு ஊற்றினேன். அதன் கன்னம் இரண்டு பக்கமும் புடைத்தது. கத்தியது. பிறகு இன்னொன்று. எனக்குச் சிரிப்பாக வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலில் மூன்று கத்தின, விட்டு விட்டு, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. அறை கொள்ளவில்லை சத்தம். அந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த சாயங்காலம் அதற்கு முன்னால் இல்லை. மாமனார் வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.

"ஆடி மாசத்துச் சத்தம் சாமி இது" என்றார் என்னிடம். பிரியம் வந்தால் எங்கள் பக்கம் சின்னவர்களைச் சாமி என்பார்கள். முகம் மலர்ந்திருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சத்தம் ஜன்னல் வழியாகக் கிணற்றுப் பக்கம் போகிறது என்று நினைக்கவேயில்லை.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். சின்ன மாமா ஏர் பூட்டியிருந்தார். பின்னால் சின்னத்தை இடுப்பில் கூடையோடு, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து நடந்து, ஏர் கிழித்த சாலில் பருப்பை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். ரோட்டில் போன யாரையோ நிறுத்திச் சின்ன மாமா உற்சாகமாகச் சொன்னார்.

"நேத்துப் பொழுதோட எங்க கெணத்துல தவள கத்துச்சுங்க. நெம்ப நேரம் கத்துச்சு. மூணு நாளைக்குள்ள மழ எறங்கிரும் பாருங்க."

எங்கள் பக்கத்தில் அது அசைக்க முடியாத கணக்கு. வற்றின கிணற்றில் ஆடி மாதம் தவளை கத்தினால், விதையைக் கையில் எடுக்கலாம். அவர் ரேடியோவை நம்பி இறங்கவில்லை, யார் பேச்சையும் கேட்டு இறங்கவில்லை. நான் இட்லித் தட்டில் ஊற்றிய குடத்துத் தண்ணீரைக் கேட்டு இறங்கியிருக்கிறார்.

மாமனாரிடம் ஓடினேன். வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, அவிய நம்ம தவளச் சத்தத்தக் கேட்டுட்டு வெதைக்கறாங்க."

"ஆமா."

"சொல்லோணுமில்லீங்களா?"

"யாரு போயிச் சொல்றது?" என்றார். எச்சிலைத் துப்பிவிட்டு, "சொன்னாலும் நம்பமாட்டானம்மா. வெதைக்க உடாமப் பண்றாங்கன்னு சொல்லுவான்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. வேலியோரத்துக்கு வந்து நின்றேன். கையில் வாசல் தெளிக்கக் கொண்டுவந்த சாணி வாளி. ஏர் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒரு சால். மறுபடி போய் வந்தது. மேகம் விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மருமகள் வேலியைத் தாண்டினால் என்ன ஆகும், வீட்டுக்காரர் வந்தால் என்ன சொல்வார் என்று என்னென்னவோ யோசித்தேன். ஏர் போய் வந்தது. சின்னத்தை ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் நின்றபடியே இருந்தேன்.

ஒன்பது மணி பஸ்ஸில் நர்சம்மா வந்தார். வாசலிலேயே, "கத்துச்சாம்மா?" என்றுதான் கேட்டார்.

"கத்துச்சுங்க" என்றேன். வேலிப் பக்கம் கையைக் காட்டினேன். காரணத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனதைப் பார்த்தேன். பையோடு மாமனாரிடம் போனார்.

"ஐயா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடட்டுமா?"

மாமனார் அவரைப் பார்க்கவில்லை. "வாக்குன்னா வாக்குத்தானுங்களே நர்சம்மா" என்றார்.

நர்சம்மா அறைக்குள் போனார். சத்தியத்தைக் காப்பாற்றப் போகிறார், அவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. உள்ளே இருந்து கூப்பிட்டார். "இங்க வா. அந்தப் பக்கம் பிடி."

தொட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மண்ணும் தண்ணீரும் தவளையுமாக அது ஒரு ஆள் தூக்கும் கனம் இல்லை. நான் மாமனார் நிற்கும் திசையைப் பார்த்தேன். நர்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதட்டவில்லை, சும்மா நிற்கிறாயே என்று சொல்லவில்லை. நான் மறுமுனையைப் பிடித்தேன்.

மாமனாரைத் தாண்டித்தான் போனோம். அவர் இன்னும் மென்றுகொண்டிருந்த வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கடவில் போட்டிருந்த முள்ளை நர்சம்மா முதுகால் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். வெள்ளைச் சேலை கிழிந்தது. என் கை இரண்டிலும் முள் கிழித்தது. ஒழுகும் மூலை இப்போது கீழே வந்துவிட்டதால் தண்ணீர் என் காலில் வழிந்துகொண்டே வந்தது. உழுத காட்டில் நடக்கையில் கால் தடுமாறியது. ஏர் திரும்பி வந்துகொண்டிருந்த சாலில், மாட்டுக்கு முன்னால் தொட்டியை இறக்கி வைத்தோம்.

சின்ன மாமா மாட்டை நிறுத்தினார். நர்சம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொசுவலையை அவிழ்த்தார். ஏரோரத்தில் இருந்த அவர்கள் குடிக்கிற செம்பை எடுத்து, கைவிரல்களை விரித்து அதன் வழியாகத் தண்ணீரை ஊற்றினார். நாங்கள் நாலு பேரும் அந்தத் தொட்டியைச் சுற்றி நின்றோம். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓட்டுக்கு அடியில் இருந்த தவளை, அந்தப் பட்டப்பகலில், அரைமனதாக ஒரு தடவை கத்தியது.

சின்ன மாமா கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மேழியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சின்னத்தைதான் முதலில் குனிந்து, கடைசிச் சாலின் மண்ணைக் கையால் விலக்கிப் பருப்பை எடுக்க ஆரம்பித்தார். நர்சம்மா அடுத்த சாலில் இறங்கினார். நானும் இறங்கினேன்.

மழை இருபது நாள் கழித்துத்தான் வந்தது. பொறுக்கிய விதையை அவர்கள் அப்போது விதைத்தார்கள், முளைத்தது. நாங்கள் பார்க்காமல் விட்டதை எறும்பும் காக்காயும் தின்றிருக்கும். நர்சம்மா வாயால் சொல்லித் தடுக்கவில்லை, வாக்கை மீறவில்லை என்பதை மாமனார் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அறையில் உரமூட்டை போட வேண்டியிருக்கிறது என்று அந்த வாரமே சொல்லிவிட்டார். நர்சம்மா மறு பேச்சில்லாமல் காலி செய்தார். ஆட்டையாம்பட்டிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டதாகவும், பிறகு ஜலகண்டாபுரத்துக்கு மாற்றலாகிப் போனதாகவும் கேள்வி. தவளைத் தொட்டியைச் சின்னத்தையிடம் விட்டுவிட்டுப் போனார். என்னிடம் ரிஜிஸ்தர்களை வாங்கிக்கொண்டு, எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான். கடவில் முள்ளைத் திரும்ப யாரும் போடவில்லை. அதன் வழியாகக் கோழிகள் மட்டும் போய்வந்தன.

அன்றைக்குக் காட்டில் உச்சிப்பொழுது வரை பொறுக்கினோம். பருப்பு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது, ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டியிருந்தது. வேலை பாதி ஆனபோது சின்ன மாமா கேட்டார்.

"ஏனுங்க நர்சம்மா, இத்தன கனத்தத் தூக்கிக்கிட்டு முள்ளுக்குள்ள வந்தீங்களே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தீங்கன்னா நிறுத்தியிருப்பனுங்களே."

"உங்க அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க" என்றார் நர்சம்மா. "அந்த வீட்டுப் பேச்சு இங்க வராதுன்னு."

சின்ன மாமா தலையாட்டினார். அவருக்கு அது போதுமான பதிலாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுக்கிவிட்டு, சாலில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"உனக்கென்ன வாக்கு இருந்துது சாமி?"

நான் யாருக்கும் ஒரு வாக்கும் கொடுத்திருக்கவில்லை. குனிந்து அடுத்த பருப்பைத் தேடினேன்.